புலவனுக்கு எத்தனை ஹிட் பாயிண்ட்?

அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் பக்கத்தில் வரதராஜன்பேட்டை. சுற்றிலும் முந்திரிக்காடு, ஊருக்குள் அலங்கார அன்னை ஆலயம். இதே மாவட்டத்தில்தான் ராஜேந்திர சோழன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியும் இங்கேதான். பூமிக்கடியிலோ இன்னொரு அதிசயம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சியாகச் சுண்ணாம்புப் பாறைகளில் கடல் உயிரினங்களின் தொல்லெச்சங்கள் கிடைக்கின்றன. ஒரு கற்பனை உலகம் செய்ய இதைவிட நல்ல நிலம் வேண்டுமா என்ன!

கற்பனை உலகம் என்றதும் கதை, நாவல் ஞாபகம் வரும். இங்கே சொல்ல வருவது விளையாட்டு. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்தும் ரோல் ப்ளேயிங் கேம். கம்ப்யூட்டரே தேவையில்லை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் வாழ்வார்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு. போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்கிற மாதிரி. என்ன செய்ய முடியும், எது முடியாது, எத்தனை அடி தாங்கலாம் (இதுதான் ஹிட் பாயிண்ட்) என்பதையெல்லாம் இந்தக் கிளாஸ்தான் தீர்மானிக்கிறது.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது? ஒரு குழு புத்தகத்தில் இருக்கும் ஐரோப்பியக் கோட்டை, டிராகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சொந்தமாக ஓர் உலகம் செய்யும்போது. அந்த உலகத்தில் பழைய கிளாஸ்கள் பொருந்துமா? பெயரை மட்டும் தமிழில் மாற்றினால் போதுமா? இதற்கு விடை தேட வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ரத்தக்காட்டேரியால் பிறந்த சாமியார்

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரின் பெயரில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. அச்சில் வந்த முதல் ரோல் ப்ளேயிங் கேம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அதில் இருந்தவை மூன்றே கிளாஸ்கள். போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் எனப்படும் சமயத் துறவி.

இந்தத் துறவி எப்படி வந்தார் என்பது சுவாரசியமான கதை. புத்தகம் வருவதற்கு முன்பே ஆர்னெசன் மினசோட்டாவில் 'பிளாக்மூர்' என்ற தன் சொந்த உலகத்தை நண்பர்களோடு நடத்திக்கொண்டிருந்தார. அதில் ஒருவர் ரத்தக்காட்டேரி வேடம் ஏற்று, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டார். அவரைச் சமாளிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பழைய டிராகுலா படங்களில் சிலுவையைக் காட்டிக் காட்டேரியை விரட்டும் ஆசாமியை மாதிரியாக வைத்துத் துறவி பிறந்தார். ஆக, இந்தக் கிளாஸ் ஆராய்ச்சி செய்து எழுதப்பட்டதல்ல. ஒரு குழுவின் ஒரு தலைவலிக்குக் கண்டுபிடித்த மருந்து!

திருடன் கிளாஸும் இப்படித்தான். கலிபோர்னியாவில் ஒரு ஹாபி கடையில் ஆடிக்கொண்டிருந்த குழு, பூட்டுத் திறக்கவும் பொறிகளை அகற்றவும் ஒரு ஆள் வேண்டுமென்று உருவாக்கியது. அது கைகாக்ஸ் காதுக்குப் போய், 1975ல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில் இடம்பெற்றது.

உலகம் முழுக்க இன்று ஏதோ வேதவாக்கு போலப் பின்பற்றப்படும் கிளாஸ்கள், ஆரம்பத்தில் யாரோ ஒருவரின் வீட்டு உலகத்துக்காகச் செய்த ஒட்டுவேலைகள்தான். அந்த ஊர்த் தேவைக்கு அவர்கள் செய்தார்கள். இந்த ஊர்த் தேவைக்கு இங்கே செய்தால் தப்பே இல்லை.

இரண்டு வழிகள்

அடுத்து வந்தவர்கள் இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள்.

முதல் வழி 1985ல் வந்த 'ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்'. சாமுராய், நிஞ்ஜா என்று புதுக் கிளாஸ்கள். மானம், குடும்பம் ஆகியவற்றுக்குத் தனி விதிகள். மானத்துக்குப் புள்ளிக் கணக்கு வைத்தது நல்ல யோசனைதான். ஆனால் அட்டையில் கீழைநாடுகள் என்று போட்டுவிட்டு உள்ளே பெரும்பாலும் ஜப்பானையே வைத்தார்கள். வாள் மாறியது, உடை மாறியது. உலகம் முழுசாக மாறவில்லை.

இரண்டாவது வழி 1991ல் வந்த 'டார்க் சன்'. அங்கே முதலில் உலகத்தை யோசித்தார்கள். பாலைவனம், இரும்பு அபூர்வம், கடவுள்களே கிடையாது. கடவுள் இல்லாவிட்டால் துறவிக்குச் சக்தி எங்கிருந்து வரும்? நிலம், நீர், காற்று, நெருப்பிலிருந்து என்றார்கள். மந்திரவாதியின் சக்திக்கும் விலை வைத்தார்கள். மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடியின் உயிர் உறிஞ்சப்படும். அதைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவன் ஒரு வகை, நிலத்தையே சாம்பலாக்குபவன் இன்னொரு வகை. கொடுங்கோல் அரசர்களிடமிருந்தே சக்தி பெறும் அதிகாரிகள் தனிக் கிளாஸ். இதில் பெயர்கள் பெரும்பாலும் பழையவை. ஆனால் ஒவ்வொருவரும் அந்த நிலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இரண்டாவது வழியில் ஒளிந்திருக்கும் கேள்வி இதுதான்: இந்த ஆளுக்குச் சக்தியைத் தருவது யார்? அதற்கு இவன் என்ன கடன்பட்டிருக்கிறான்?

ஏலாக்குறிச்சியில் நடந்த பரீட்சை

இதே சிக்கலை விளையாட்டு எதுவும் இல்லாமலே கிட்டத்தட்ட முந்நூறு வருடங்களுக்கு முன் சந்தித்தவர் ஒருவர் இந்த மாவட்டத்தில் இருந்தார். இத்தாலியில் 1680ல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்கு அவர் வீரமாமுனிவர். அவர் தேம்பாவணி என்ற காப்பியத்தைப் பாடினார். அது முடிந்த வருடம் 1726 என்பார்கள். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்.

தமிழ்க் காப்பியத்துக்கென்று ஒரு சட்டகம் உண்டு. தன்னிகரில்லாத தலைவன் வேண்டும், நாட்டு வளம், நகர வளம் வேண்டும், போரும் வெற்றியும் வேண்டும். பெஸ்கி எடுத்துக்கொண்ட தலைவனோ சூசையப்பர், ஒரு தச்சர். வாளே தூக்காதவர்! இது கிட்டத்தட்ட போர்வீரன் கிளாஸுக்காக எழுதப்பட்ட விதிப் புத்தகத்தில் ஒரு தச்சரை உட்கார வைக்கிற வேலை.

பெயர் மாற்றம் செய்தார். சூசை 'வளன்' ஆனார், திருமுழுக்கு யோவான் 'கருணையன்' ஆனார். ஆனால் அதோடு நிற்கவில்லை. பாலஸ்தீன நாட்டைத் தமிழ்நாட்டின் வயலும் வளமுமாகப் பாடினார். போர் வேண்டுமே? தாவீது கோலியாத்தை வென்றது போன்ற பழைய ஏற்பாட்டுப் போர்க்கதைகளைக் காப்பியத்துக்குள் கோத்தார். வீரத்தை முன்னோர் கதைகளுக்குக் கொடுத்துவிட்டு, பொறுமையையும் தூய்மையையும் தலைவனின் பலமாக வைத்தார். சூசையப்பர் கையில் வாளைத் திணிக்காமலே சட்டகத்தை நிறைவு செய்துவிட்டார்! சொந்த உலகம் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சரி, தமிழ் உலகத்துக்கு யார் யார்?

சங்ககாலமும் சோழர் காலமும் கலந்த ஓர் உலகத்தை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

*பார்டு எனப்படும் பாடகன்.* புத்தகத்தில் இவன் பாட்டுப் பாடி நண்பர்களுக்குத் தெம்பு ஏற்றுவான். தமிழில் புலவன் செய்தது வேறு. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளை யானைக் காலில் இட முனைந்தபோது, கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடிக் காப்பாற்றினார் என்கிறது புறநானூறு (46). அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரும் அப்படித்தான். இவர்களின் சக்தி மந்திரத்தில் இல்லை, அரசன் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமையில் இருக்கிறது. ஆகவே இந்தக் கிளாஸுக்கு ஹிட் பாயிண்ட் குறைவாகவே இருக்கட்டும். சபையில் இவர் வாய் திறந்தால் அரசனே கேட்டாக வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். பொய்யாகப் புகழ்ந்தால் அந்த உரிமை போய்விடும்!

*பாலடின் எனப்படும் சத்திய வீரன்.* இதற்கு வேளைக்காரப் படை இருக்கிறது. தலைவனுக்காக உயிரையும் தருவதாக உறுதி எடுத்தவர்கள். இவர்கள் இலங்கையிலும் பணியாற்றினார்கள். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் சோழர்களை எதிர்த்துப் போகச் சொன்னபோது அவர்கள் கலகம் செய்தார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. அதே படையினர் பிற்பாடு பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக வாக்களித்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. சோறு போடும் மன்னனா, சொந்த மண்ணா? உறுதிமொழி இரண்டாகப் பிளக்கும் இந்த இடம்தான் ஆட்டத்தின் உயிர். வெறுமனே 'நல்லவன்' என்று எழுதி வைத்தால் இது கிடைக்காது.

*திருடன்.* பூட்டுத் திறப்பவனைவிட இங்கே பொருத்தமானவன் ஒற்றன். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு முழு அதிகாரமே (59) உண்டு. துறவி வேடத்தில் போவது, பிடிபட்டு என்ன செய்தாலும் வாய் திறக்காமல் இருப்பது, ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்ப்பது என்று எல்லாம் அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட விதிப் புத்தகமே தயார்!

கவனிக்க வேண்டிய ஒரு பள்ளம்

இதுவரை ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு ஆபத்து உண்டு. ஐந்திணை மக்களை, அதாவது குறவர், ஆயர், உழவர், பரதவர், எயினர் என்று பார்த்தவுடன், 'ஆஹா, ஐந்து கிளாஸ் ரெடி' என்று தோன்றும். மலை ஆளுக்கு வில்லில் கூடுதல் புள்ளி, கடல் ஆளுக்குப் படகில் கூடுதல் புள்ளி... எழுத எளிது. ஆனால் அப்படி எழுதிய அடுத்த நிமிடம், பிறப்பே திறமை என்றாகிவிடும். அதற்குத் தமிழ்நாட்டில் வேறு பெயர் உண்டு. கிளாஸ் என்பது ஆடுபவர் தேர்ந்தெடுப்பது. சாதி யாரையும் கேட்டு வருவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால், பொழுதுபோக்கு என்ற பெயரில் பழைய அநியாயம் விதியாக அச்சேறும்.

அதற்காகச் சாதியே இல்லாத உலகம் என்று மறைத்துவிட்டாலும் கதை பொய்யாகிவிடும். வழி என்ன? பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் பார்க்கலாம். ஊர் எருக்கத்தம்புலியூர், விருத்தாசலம் பக்கம். இந்தப் பகுதிக்கு அவர் அக்கம்பக்கத்துக்காரர் என்றே சொல்லலாம். யாழில் ஈடில்லாதவர். ஆனால் மதுரைக் கோயிலில் அவர் வாசலில் நின்றுதான் வாசிக்கிறார். இறைவனே கனவில் சொல்லித்தான் அடியார்கள் அவரை உள்ளே அழைத்துப் போகிறார்கள். சங்கப் பாட்டில் மன்னனோடு சேர்ந்து விருந்துண்ட பாணர் மரபுக்கு, பக்திக் காலத்தில் வாசல்தான் எல்லை!

இவரை ஆட்டத்தில் கொண்டு வந்தால், இசைத் திறமை கிளாஸில் இருக்க வேண்டும். அது அவர் பயின்று பெற்றது. வாசல் மூடியிருப்பது அவருடைய விதித்தாளில் இருக்கக் கூடாது. அது உலகத்தின் தாளில், கோயிலின் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். அப்போதுதான் மூடிய வாசல் அவருடைய குறையாகத் தெரியாமல், கோயிலின் குறையாகத் தெரியும். ஆடுபவர்கள் சேர்ந்து திறக்க வேண்டிய கதவாகவும் மாறும்.

பிளாக்மூரில் ஒரு காட்டேரியைச் சமாளிக்க ஒரு கிளாஸ் பிறந்தது. வரதராஜன்பேட்டையின் முந்திரிக்காட்டில் நாலு பேர் உட்கார்ந்து உலகம் செய்தால், அவர்கள் சமாளிக்க வேண்டியது எது என்று முதலில் பேசிக்கொள்ளட்டும். வறண்ட ஏரியா, வரி கேட்கும் அரசனா, மூடிய வாசலா? அது தெரிந்துவிட்டால் யாரெல்லாம் தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும். பெயர் வைப்பதும் பகடை உருட்டுவதும் அப்புறம்!