குழந்தைகளுக்கான மயக்க மருந்தும் பெற்றோரின் மனநிறைவும்

அறுவைச் சிகிச்சையின்போது குழந்தைக்கு அளிக்கப்படும் மயக்க மருந்துச் சிகிச்சையில் பெற்றோர் மனநிறைவு அடைந்தார்களா என்பது இன்று மருத்துவத் தரத்தின் அளவுகோல்களில் ஒன்று. ஆனால் பெற்றோரிடம் கேட்கும் வழக்கம் தானாக வந்துவிடவில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

பார்வை நேரக் கட்டுப்பாடு

1950-களில் இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் குழந்தையைச் சிறிது நேரமே பார்க்க முடிந்தது. சிறு அறுவைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியின் தவிப்பை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் ஆவணப்படமாகக் காட்டினார். பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தையுடன் தாய் தங்கலாம் என 1959-இல் பிளாட் குழு அறிக்கை பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வர, 1961-இல் லண்டன் தாய்மார்கள் அமைப்பு தொடங்கிப் போராடினர்.

ஒரு தாயின் கேள்வி

பச்சிளங்குழந்தையின் நரம்பு மண்டலம் முதிராததால் அது வலியை முழுமையாக உணராது என மருத்துவர்கள் பலர் நீண்ட காலம் நம்பினர். மயக்க மருந்து குறைமாதக் குழந்தையின் ரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. எனவே சில அறுவைகளில் தசைகளைத் தளர்த்தும் மருந்து மட்டுமே கொடுக்கப்பட்டது. அம்மருந்து அசைவை நிறுத்தும், வலியை நீக்காது.

1985-இல் வாஷிங்டனில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு, இதயத்தருகே மூடாதிருந்த ரத்தக்குழாயைக் கட்டும் அறுவை இவ்வாறே நடந்தது. சில வாரங்களில் குழந்தை இறந்தது. வலி நீக்கும் மருந்து தரப்படவில்லை என்பதைத் தாய் பின்னரே அறிந்தார். அவர் விடாமல் கடிதங்கள் எழுதினார். 1986-இல் செய்தித்தாள் வழியாக இது பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது.

1987-ஆம் ஆண்டு

இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த கே.ஜே.எஸ். ஆனந்த், அதே வகை அறுவைக்கு உள்ளான 16 குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வைத் தம் குழுவினருடன் 1987-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். வழக்கமான மருந்துகளோடு வலியகற்றும் ஃபென்டனிலும் பெற்ற எட்டுக் குழந்தைகளுக்கு, அதைப் பெறாத எட்டுக் குழந்தைகளைவிட உடல் அழுத்த விளைவுகளும் பின்சிக்கல்களும் குறைவாக இருந்தன. அதே ஆண்டு, வயதை மட்டும் காரணம் காட்டி மயக்க மருந்தைத் தவிர்க்கக் கூடாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவித்தது.

மனநிறைவும் குழந்தையின் நலனும்

பின்னர், மயக்கம் தொடங்கும் வேளையில் பெற்றோர் உடனிருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் செவ் கெய்ன் குழுவினர் இதை ஆராய்ந்தனர். குழந்தையின் பதற்றத்தைத் தணிப்பதில் பெற்றோர் உடனிருப்பதைவிட மிடசோலம் என்ற மருந்து சிறப்பாகப் பயன்பட்டது என 1998-இல் கண்டனர். அம்மருந்து பெற்ற குழந்தைகளிடம், பெற்றோர் உடன் வந்ததால் பதற்றம் மேலும் குறையவில்லை. ஆனால் உடன் வந்த பெற்றோரின் பதற்றம் குறைந்தது, மனநிறைவு கூடியது என 2000-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆக, பெற்றோரின் மனநிறைவும் குழந்தையின் நிம்மதியும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். 1985 நிகழ்வு காட்டுவது போல, என்ன மருந்து, எதற்காக என்பதை முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால் பெற்றோரின் மனநிறைவுக்குப் பொருளில்லை.