மாவிலாற்றுத் தாகம்: மூதூருக்கும் சம்பூருக்கும் இடையில்

உயர்தர வகுப்பில் மணிமேகலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முனிவர் சாபத்தால் காயசண்டிகைக்கு வந்த நோய்க்கு யானைத்தீ என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகள் எதைத் தின்றாலும் அடங்காத பசி. பின்வாங்குப் பையன் ஒருவன் கேட்டான்: "சேர், பசிக்கு ஏன் யானையைக் கொண்டுபோய் வச்சிருக்காங்க?" நான் வாய் திறக்குமுன் முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி பதில் சொல்லிவிட்டாள். போன கிழமை அவளுடைய மாமா வீட்டுச் சுவரை இடித்து, உள்ளே அடுக்கியிருந்த நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு போனதாம் யானை. வெடி கொளுத்திப் போட்டும் அசையவில்லையாம். கொட்டியாபுரப் பற்றில் பிறந்த பிள்ளைகளுக்குக் காப்பிய உரை தேவையில்லை.

ஆனால் தாகத்துக்கு நம் இலக்கியத்தில் அப்படியொரு தனிப்பெயர் எனக்கு அகப்படவில்லை. பசியைப் பாடிய அளவுக்குத் தாகத்தைப் புலவர்கள் பாடவில்லை என்றே நினைக்கிறேன். உடம்பு இதை வேறு வரிசையில் வைத்திருக்கிறது. உணவில்லாமல் மனிதன் வாரக்கணக்கில் கிடப்பான். தண்ணீர் இல்லாமல் சில நாட்கள்தான். இரத்தத்தின் உப்புச் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் அதைக் கண்டுபிடித்துவிடும். 1950களில் சுவீடனில் பெங்ட் ஆன்டர்சன் என்ற ஆய்வாளர் ஆடுகளின் மூளையில் அந்த இடத்திலே சொற்ப உப்புநீரை ஏற்றிப் பார்த்தார். தாகமே இல்லாத ஆடுகள் உடனே தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தன. இந்த ஆட்டை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2006ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அப்போது எனக்கு நியமனம் கிடைத்து அதிக காலமாகவில்லை.

வெருகலாற்றிலிருந்து பிரிவது மாவிலாறு. அதன் மடை அன்று விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருந்தது. ஜூலை மூன்றாம் வாரத்தில் அதை மூடினார்கள். சிறுபோகப் பயிர் நின்ற நேரம். கச்சான் காற்று வீசுகிற நேரம். ஏறக்குறைய 15,000 குடும்பங்களும் 30,000 ஏக்கர் வயலும் பாதிக்கப்பட்டதாக அரசு சொன்னது. சேருவில சிங்களவர், மூதூர் முஸ்லிம்கள், இடையிலிருந்த தமிழர் என்று மூன்று சமூகத்தின் வயலும் அதில் அடக்கம். கதிர் வருமுன் வரம்பு வெடித்தது. மாடுகள் வாய்க்கால் சேற்றை நக்கின. வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் கிணற்று ஊற்றும் இறங்கிவிடும் என்பது விவசாயியின் வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும்.

இதுவரைக்கும் நம்மவர் பலர் எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. மடையை மூடியவர்கள் வைத்த கோரிக்கைகளுள் குடிநீரும் இருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியில் நடந்த குடிநீர்த் திட்டம் தங்கள் பகுதியைத் தள்ளிவிட்டது என்பதும், மூதூர் கிழக்குக்குப் பொருட்கள் போக விடாத தடையும் அவர்களின் முறைப்பாடுகள். அதற்காக இன்னொருவனின் தண்ணீரை மூடலாமா? கூடாது. இன்றும் என் நிலைப்பாடு அதுதான். ஆனால் அந்த முறைப்பாடு பொய்யில்லை என்பதையும் ஆசிரியனாக நான் எழுதியாக வேண்டும். மடைக்கு அந்தப் பக்கமும் தாகம் இருந்தது.

சம்பூர்ச் சனம் எங்களுக்கு முன்னமே ஓடிவிட்டது. ஏப்ரல் 25ஆம் தேதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றைக்கே சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டும் கடற்படை ஷெல்லும் விழுந்தன. மூதூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. "சம்பூருக்குத்தான் அடிக்கிறாங்க" என்றார் வாப்பா. அந்த 'தான்' என்ற இடைச்சொல்லை நன்னூல் படித்த நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் எங்கள் முறை வந்தது. புலிகள் மூதூருக்குள் புகுந்தார்கள்; படையினர் ஷெல் அடித்தார்கள். சனம் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் அரபுக் கல்லூரியிலும் ஒதுங்கியது. அந்த இடங்களும் தப்பவில்லை. மூன்றாம் நாள் கிணற்றுக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கிற வேலையாகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீருக்கு நாற்பது, ஐம்பது பேர். பாலுக்கு அழுத பிள்ளைகள் பிறகு தண்ணீருக்கு அழுதார்கள். அதன் பிறகு அழவில்லை. அந்த மௌனம்தான் தாய்மாரைப் பயப்படுத்தியது.

நாலாம் தேதி நடந்தோம். கிணாந்திமுனையில் புலிகள் மறித்து ஆண்களைப் பிரித்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் வழியில் கண்டதைச் சொல்கிறேன். வண்டித் தடத்தில் தேங்கிய கலங்கல் தண்ணீரை ஒரு பெரிய மனுசர், ஊரில் மதிப்பானவர், சால்வையை விரித்து வடிகட்டிக் குடித்தார். பிறகு அதே சால்வையைப் பிழிந்து பேரப்பிள்ளையின் வாயில் விட்டார். லுஹருக்கு மண்ணில் தயம்மும் செய்தோம். நோன்பில் பசியும் தாகமும் எங்களுக்குப் பழக்கம்தானே என்று சிலர் சொல்வார்கள். நோன்பின் தாகத்துக்கு மஃரிப் என்றொரு நேரம் உண்டு. கிணாந்திமுனையில் எங்களுக்கு அப்படி நேரம் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

அதே நாளில் மூதூரில் இன்னொன்று நடந்தது. 'அக்ஷன் பாம்' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயருக்கு, பசிக்கு எதிரான செயல் என்று பொருள். சுனாமிக்குப் பிறகு எங்கள் பகுதியில் குடிநீர், சுகாதார வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள். வேலைக்கு வந்து, வெளியேற வழியில்லாமல் அலுவலகத்தில் அகப்பட்ட 17 பேர் அந்த வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஜனாதிபதி ஆணைக்குழு இராணுவத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 2013 டிசம்பரில் அந்த நிறுவனமே வெளியிட்ட அறிக்கை பாதுகாப்புப் படையினரைக் குற்றஞ்சாட்டியது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 8ஆம் தேதி மாவிலாற்றில் தண்ணீர் திரும்ப ஓடியது. அதைப் பார்க்க நாங்கள் ஊரில் இல்லை. கந்தளாயில் தறப்பாள் கூடாரத்தில் பவுசருக்கு வரிசையில் நின்றோம். அங்கே நான் கவனித்தது, எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். பாரைமீன் ஆணம், பெருநாள் புரியாணி, உம்மாவின் வட்டிலப்பம். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1944-45இல் 36 தொண்டர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தபோதும் இதுவே நடந்ததாம். இளைஞர்கள் மற்ற ஆசைகளை மறந்து சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பசித்தவனுக்குப் புத்தி மழுங்குவதில்லை. அது ஒரே இடத்தில் கட்டப்பட்டுவிடுகிறது.

கட்டப்படுதல் என்றதும் என் வீட்டுப் பின்வளவு வருகிறது. கிளம்பிய அவசரத்தில் ஆட்டை அவிழ்த்துவிடவில்லை. "ஆட்ட அவுத்துட்டியா மனே?" என்று நடுவழியில் உம்மா கேட்டார். "ஓம் உம்மா" என்றேன். பொய். செப்டெம்பரில், நோன்புக்கு முன் ஊர் திரும்பியபோது வேலியோரம் எலும்பும் தோலும் கிடந்தன. தீன் கட்டியிருந்த வேப்பங்குழைப் பக்கம் அது கிடக்கவில்லை. கிணற்றுப் பக்கமாகக் கயிறு முழுநீளத்துக்கும் இழுபட்டுக் கிடந்தது. பூனையைக் கட்டிவைத்து, தீனும் கொடாமல் அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். மௌலவி அதைச் சொல்லும்போது இன்றும் நான் தலை குனிந்துகொள்வேன். உம்மா மௌத்தாகும் வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நாங்கள் திரும்பிய நாட்களில், செப்டெம்பர் 4ஆம் தேதி, சம்பூர் படையினரிடம் விழுந்தது. எங்களுக்கு ஒரு மாத அகதி வாழ்க்கை. சம்பூராருக்கு ஒன்பது, பத்து வருடம். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் உலர் உணவு நிவாரணத்தில் கிடந்தார்கள். 2007இல் அவர்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு அனல்மின் நிலையத்துக்கு என்றார்கள், முதலீட்டு வலயம் என்றார்கள். நெல்லும் தயிரும் விற்ற சனம் நிவாரண அரிசிக்குக் கூப்பன் பிடித்து நின்றது. 2015இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடப்பட்டன. அனல்மின் நிலையத் திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது.

காணி விட்ட பிறகு, என்னோடு முன்பு படிப்பித்த சம்பூர் ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். வீடு இல்லை, அத்திவாரமும் ஒரு தென்னையும் நின்றன. கிணற்றுக்குள் கல்லும் ஓடும் இரும்புக் கம்பியும். தம்பிமார் இரண்டு பேர் இறங்கி அள்ளிக் கொடுக்க, நாங்கள் மேலே இழுத்தோம். பின்னேரம் வரை மூன்று தரம் இறைத்தும் தண்ணீர் கறுப்பாகவே வந்தது. கயிற்றை இழுத்தபடியே, "சேர், அண்டைக்கு உங்கட மாடுகளை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "அவிழ்த்து விட்டிட்டுத்தான் ஓடினனான்" என்றார். "ரெண்டு கண்டு மட்டும் தொழுவத்தில கட்டினபடி." பிறகு வாளியை என் பக்கம் தள்ளினார். நாலாம் தரம் இறைக்கத் தொடங்கினோம்.