போதும் என்று நினைத்த எண்

போன வைகாசியில் செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்தின் கடைசி ராத்திரியை வீடியோ எடுத்தேன். பதினெட்டாம் போர். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகிறவரை எட்டு மணி நேரம். கேமரா வாடகைக்கு எடுத்தது, மெமரி கார்டுகளும் வாடகைதான். மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் பகலில் துண்டுகளையெல்லாம் கோத்து, ஒரே எம்பி4 கோப்பாக என்கோடு செய்யும்படி எஃப்எஃப்எம்பெக்கில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் திரையின் கடைசியில் ஒரு வரி: ‘ஃபைல் டூ லார்ஜ்’. கோப்பு பெரிதாகிவிட்டதாம். ஹார்டு டிஸ்க்கில் 200 ஜிபி காலியாகக் கிடந்தது. எனக்குத் தேவைப்பட்டதோ 22 ஜிபிக்கும் குறைவு.

கோப்பின் அளவைப் பார்த்தேன். 4,294,967,295 பைட். திறந்து பார்த்தேன், திறக்கவில்லை.

அந்த டிஸ்க் என்னுடையது அல்ல, பெரியப்பா மகனுடையது. அதில் ஏற்கெனவே எட்டு கோப்புகள் இருந்தன. எல்லாம் 2006இல் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் 3.99 ஜிபி. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் பேசாத கோப்புகள் அவை.

அண்ணன் அப்போது கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தான். அந்த வருஷக் கூத்தை யாரும் காசு கொடுக்காமல், ஆசைக்காக எடுத்தான். துரியோதனன் வேஷம் கட்டியவர் எங்கள் ஊர் வாத்தியார். எனக்கு வேலை பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது. ஒரு மணி நேர மினி டிவி டேப் எட்டு ஓடின. மறுநாள் ராத்திரி ஒவ்வொரு டேப்பாகப் போட்டு ஃபயர்வயர் வழியாக இந்த டிஸ்க்கில் இறக்கினான். ஒவ்வொரு கோப்பின் ஆரம்பத்தையும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தான், படமும் சத்தமும் நன்றாக இருந்தன. ஆவணியில் முகூர்த்தங்கள் வரிசையாக வந்தபோது அதே எட்டு டேப்பிலும் கல்யாணங்கள் ஏறின.

வாத்தியார் இரண்டு வருஷம் கழித்து இறந்துபோனார். காரியத்தன்று போட்டுக்காட்டலாம் என்று டிஸ்க்கை எடுத்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு கோப்பும் 19 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எட்டு டேப்பிலும் முதல் 19 நிமிஷம்தான் இருந்தது. எட்டு மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரம் இல்லை. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறார், திரை விலகுகிறது, சபைக்கு வருகிறார். தொடை முறிகிற இடம் இல்லை. வாத்தியார் மகனிடம் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: “நான்தான்டா சரியா பாக்கல.” அதற்குப் பிறகு அவன் கூத்துக்குக் கேமரா எடுத்துக்கொண்டு போகவில்லை.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம்.

அரசாங்க விண்ணப்பங்களில் பெயர் எழுதக் கட்டம் போட்டிருப்பார்கள். கட்டத்துக்கு மேல் நீளமான பெயர்க்காரர் பாதியில் வெட்டப்படுவார். தப்பு பெயர்மேல் இல்லை, ஃபாரம் அச்சடித்தவர் நினைத்த நீளம் அவ்வளவுதான். கணினியிலும் கோப்பின் அளவை எழுதக் கட்டங்கள் உண்டு. 4 பைட், அதாவது 32 கட்டம். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. எல்லாவற்றிலும் 1 நிரப்பினால் வருகிற எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு பைட்கூட எழுத முடியாது.

டாஸ் காலத்து ஃபேட் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு. அதில் பெயருக்கு 11 பைட், அளவுக்கு 4 பைட். ஃபிளாப்பியை கிலோபைட்டில் எண்ணிக்கொண்டிருந்த நாளில் நானூறு கோடி பைட் என்பது யாருக்கும் தேவைப்படாத தாராளம். 1996இல் விண்டோஸ் 95இன் இரண்டாம் பதிப்போடு ஃபேட் 32 வந்தது. டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எல்லையை அது வெகுவாக விரித்தது. ஆனால் ஒரு கோப்பின் அளவை எழுதும் அந்த 4 பைட் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டது. பெரிய வீடு, பழைய வாசற்படி.

வீடியோ கோப்பு வேறொரு பக்கத்திலிருந்து இதே எண்ணில் வந்து முட்டியது. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் ‘ரிஃப்’ என்ற அமைப்பை வெளியிட்டன. நான்கு எழுத்தில் பெயர், அடுத்த 4 பைட்டில் அளவு, பிறகு சரக்கு. அடுத்த வருஷம் வந்த ஏவிஐ அதன்மேல் கட்டியது. அப்போதைய கணினி வீடியோ தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. அந்தக் கட்டத்தைப் படித்த மென்பொருள்கள் பலவும் முதல் இடத்தைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டதால் நிஜத்தில் 2 ஜிபியிலேயே நின்றன. டிவி டேப்பை இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி ஆகும். ஆக, 2 ஜிபி என்பது ஒன்பதரை நிமிஷம். தாலி கட்டும் நேரத்துக்கே காணாது.

எடிட்டிங் கார்டு செய்தவர்களுக்கு இது தொழில் பிரச்சினை. மேட்ராக்ஸ் தலைமையில் சில நிறுவனங்கள் கூடி, 1996இல் ஓப்பன் டிஎம்எல் என்ற விரிவாக்கத்தைக் கொண்டுவந்தன. ஒரே கோப்புக்குள் பல ரிஃப் துண்டுகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அட்டவணை வைப்பது. ஏவிஐயின் சுவர் உடைந்தது.

அண்ணனின் மென்பொருளில் அது இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் கோப்புகள் 2 ஜிபியைத் தாண்டியிருக்கின்றன. தாண்டிப் போய் அடுத்த சுவரில் முட்டின. கடையிலிருந்து வரும்போதே அந்த டிஸ்க் ஃபேட் 32இல்தான் வந்தது, எந்தக் கணினியில் செருகினாலும் படிக்க வேண்டும் என்பதற்காக. 4 ஜிபி நிறைந்ததும் மென்பொருள் எழுதுவதை நிறுத்தி, கோப்பை ஒழுங்காக மூடி வைத்துவிட்டது. பிழைச் செய்தி ஏதாவது வந்ததா என்று அண்ணனுக்கு நினைவில்லை. கோப்பு திறந்தது, ஓடியது. ஏமாற்றியது அந்த ஒழுங்குதான்.

எனக்கு நடந்தது நேர்மாறு. எம்பி4, 1991இல் ஆப்பிள் வெளியிட்ட குவிக்டைமின் வழி வந்தது. அதில் படமும் சத்தமும் ஒரு பெட்டியில், எந்தக் காட்சி எங்கே கிடக்கிறது என்ற பட்டியல் ‘மூவ்’ என்ற இன்னொரு பெட்டியில். எல்லாம் எழுதி முடிந்த பிறகுதானே எது எங்கே என்று தெரியும்? அதனால் மூவ் வழக்கமாகக் கடைசியில் எழுதப்படும். டிஸ்க் மறுத்த இடத்தில் எனக்கு 95 நிமிஷக் கூத்து கோப்புக்குள் இருந்தது, பட்டியல் இல்லை. கரண்ட் போனாலும் இதே கதி. ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்ற செய்தியைப் பார்த்து வயிறு கலங்காத வீடியோக்காரர் குறைவு. இத்தனைக்கும் இந்தப் பட்டியலுக்குள்ளும் இடங்களைக் குறிக்க முதலில் 32 கட்டம்தான் இருந்தது, பெரிய கோப்புகளுக்காக 64 கட்டப் பட்டியல் தனியாக வந்தது.

திறக்காத கோப்பு என்னைத் தேட வைத்தது. 95 நிமிஷம் மட்டும் நன்றாக ஓடியிருந்தால், ஆரம்பத்தைப் பார்த்துவிட்டு நானும் பத்து மணிக்குக் கார்டுகளை அழித்துக் கொடுத்திருப்பேன். சத்தியமாக.

அன்று கற்றுக்கொண்ட வரிசை இது. என்கோடிங் பாதியில் நின்றால் முதலில் பிழைச் செய்தியைவிடக் கோப்பின் அளவைப் பாருங்கள். 4 ஜிபியோ 2 ஜிபியோ நெருங்கி நின்றால், உங்கள் கணினியின் வேகத்துக்கோ நினைவகத்துக்கோ சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கோப்பின் உறை. கடைசியாக, எல்லாம் சரியாக முடிந்தது போலத் தெரிந்தாலும், மூலத்தின் மொத்த நேரமும் புதிய கோப்பின் மொத்த நேரமும் ஒன்றா என்று பாருங்கள். நடுவில் ஒரு இடம், முடிவில் ஒரு இடம் ஓட்டிப் பாருங்கள். அதுவரை மூலத்தைத் தொடக்கூடாது.

நான் எக்ஸ்ஃபேட் முறையில் இருந்த வேறொரு டிஸ்க்கை எடுத்தேன். 4 ஜிபி தடையை நீக்கிய அந்த முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது 2006இல், அண்ணன் டேப்புகளை அழித்த அதே வருஷம். மேசைக் கணினிகளுக்கு வந்துசேர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. இந்த முறை எம்பி4க்குப் பதிலாக 2002இல் பிறந்த மட்ரோஸ்கா உறையில் என்கோடு செய்தேன். அது துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகும், பாதியில் நின்றால் அதுவரை எழுதியதையாவது பார்க்கலாம். முடிந்ததும் அதை அப்படியே எம்பி4க்கு மாற்றிக்கொண்டேன். வாடகைக்காரரிடம் இன்னும் ஒரு நாள் கேட்டேன், கூடுதல் பணம் கொடுத்தேன்.

அந்த 32 கட்டத்தைப் போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு பைட்டும் காசாக இருந்த காலத்தில் அவர்கள் கையில் இருந்ததை வைத்துப் ‘போதும்’ என்றார்கள். அண்ணனும் ஆரம்பத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் ‘போதும்’ என்றுதான் நினைத்தான். இரண்டு ‘போதும்’களுக்கு நடுவில் வாத்தியாரின் ஐந்தரை மணி நேரம் விழுந்துவிட்டது.

இந்த வருஷத் துரியோதனன் வாத்தியாரின் மகன். கோப்பு முழுசாக வந்த அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். டிஸ்க், கட்டம், 19 நிமிஷம், எல்லாம். குறுக்கிடாமல் கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“இப்ப அந்தக் கார்டெல்லாம் எங்க இருக்கு?”

“எங்கிட்டதாண்ணே. நாளைக்குத்தான் கொடுக்கணும்.”

“இரு, அழிச்சிடாத. நான் வந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துக்கறேன்.”