ஒரு சரிவு, இரண்டு கடன் மனுக்கள்

போடிநாயக்கனூரில் தண்ணீருக்காகக் கடன் கேட்டு மனு எழுதுவோர் இரு தரப்பினர். ஒரு தரப்பு நகராட்சி. கொட்டகுடி ஆற்று நீரைச் சுத்திகரித்து வீட்டுக் குழாய்வரை கொண்டுவர அதற்குப் பணம் வேண்டும். மறு தரப்பு ஏலத்தோட்டக்காரர். ஜனவரி முதல் மே வரை செடி வாடாமல் காக்க, படுதா விரித்த குளமும் மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் அவருக்கு வேண்டும். முன்னது கோடிக் கணக்கு, பின்னது இலட்சக் கணக்கு. முன்னதைப் பரிசீலிப்பது சென்னையிலுள்ள நிதி நிறுவனம், பின்னதைப் பரிசீலிப்பது கடைவீதி வங்கிக் கிளை. இவ்வளவு விலகி நிற்கும் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால், எதிர்பாராத உறவுகள் புலப்படுகின்றன.

முதலில் காகிதங்கள். நகராட்சி மன்றத் தீர்மானம், விரிவான திட்ட அறிக்கை, வரி வசூல் விவரம், தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றை அடுக்குகிறது. தோட்டக்காரர் சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, ஏலத்தோட்டப் பதிவுச் சான்று, பம்பு செட்டுக்கான கொட்டேஷன் ஆகியவற்றை அடுக்குகிறார். பெயர்கள் வேறு, கேள்விகள் இரண்டே: கட்டப்போகும் இடம் யாருடையது? கடனை எதிலிருந்து அடைப்பாய்?

முதல் கேள்வியில் இருவருமே தடுமாறுகிறார்கள் என்பதுதான் வியப்பு. மேல்நிலைத் தொட்டியையும் தெருவுக்கடியில் கிடக்கும் குழாயையும் ஜப்தி செய்து யாருக்கு விற்பது? ஆகவே நகராட்சியின் சொத்து கடனுக்கு ஈடாக நிற்பதில்லை. தோட்டக்காரர் கையில் நிலமே இருக்கிறது. ஆனால் போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்து ஏலமலைக் காடுகளில் பல தோட்டங்கள் குத்தகைப்பாட்டத்தில் இருப்பவை. தலைமுறைகளாக உழைத்த மண்ணானாலும், முழு உரிமைப் பட்டா இல்லாமல் அதை அடமானம் வைப்பது எளிதல்ல.

ஆகவே இரண்டாம் கேள்வியே, அதாவது வருங்கால வருமானமே, இரு மனுக்களையும் தாங்குகிறது. இங்கே வழிகள் பிரிகின்றன. நகராட்சியின் குடிநீர்க் கட்டணமும் சொத்து வரியும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வருபவை. நிலையானவை, ஆனால் உயர்த்துவதற்குக் கடினமானவை. ஏலக்காயின் வருமானமோ துள்ளி ஏறி, அதே வேகத்தில் சரிவது. 2019 ஆகஸ்டில் கேரளப் பக்கத்துப் புத்தடியில் நடந்த மின் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே போனது. ஒரு இலட்ச ரூபாய்த் தவணையை அந்த உச்ச விலையில் பதினைந்து கிலோ காய் தீர்த்துவிடும். சரிந்த விலையில் நூறு கிலோவும் போதாது. நகராட்சிக்கு வருமானம் போதவில்லை என்பது கவலை; தோட்டக்காரருக்கு அது எப்போது வரும் என்பது கவலை.

பணம் கைக்கு வரும் விதத்தில் இருவரும் மீண்டும் ஒன்றுபடுகிறார்கள். 2021இல் தொடங்கிய அம்ருத் 2.0 என்னும் நகரக் குடிநீர்த் திட்டத்தில், ஒரு இலட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு மத்திய அரசு பாதிச் செலவைத் தருகிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 75,000 பேர் வாழ்ந்த போடி அந்த வரிசையில் வரும் ஊர். ஆனால் அந்தப் பணம் 20, 40, 40 விழுக்காடு என மூன்று தவணைகளில், பயன்பாட்டுச் சான்று காட்டக் காட்டத்தான் வரும். தோட்டக்காரரின் மானியமும் பொதுவாக வேலை முடிந்து, அதிகாரி வந்து பார்த்த பிறகே கணக்கில் ஏறும். இருவருக்கும் கடன் என்பது மானியம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் பாலமாகவும் ஆகிறது.

சிறியவர் தனியாகக் கேட்டால் கதவு திறக்காது என்பதும் இரு தரப்பும் அறிந்த பாடம். மலைச்சாரல் விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கம் தோள் கொடுக்கிறது. சிறு நகரங்களுக்கு அதே தத்துவத்தைத் தமிழ்நாடு 2002இல் பயன்படுத்தியது. தனித்தனியே கடன் சந்தைக்குப் போக முடியாத 13 உள்ளாட்சிகளைக் குடிநீர், துப்புரவுக்கான கூட்டு நிதியம் ஒன்றின்கீழ் சேர்த்து, 30.41 கோடி ரூபாய்க்கு 9.2 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. ஓர் உள்ளாட்சி தவணை தவறினால், அதற்குரிய மாநில நிதிப் பகிர்விலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

இப்படி மூலத்திலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் புதிதல்ல. தோட்டக்காரரின் மனுவுக்கு மூதாதை 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டம். கிணறு வெட்டவும் குளம் அமைக்கவும் அரசு தந்த தக்காவிக் கடன் அதன்படிதான் வழங்கப்பட்டது. தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. மனுவைப் பெற்ற அதிகாரி, தேவை என்று கருதினால், ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த நாளில் வந்து சொல்லலாம் என்று பொது அறிவிப்பு கொடுக்கலாம்.

இன்றைய இரு மனுக்களிலும் இல்லாதது இந்த ஏற்பாட்டின் உணர்வுதான். நகராட்சியின் திட்ட அறிக்கை ஆற்றில் எவ்வளவு நீர் கிடைக்கும் என்று கணக்கிடுகிறது. வங்கியின் மதிப்பீடு தோட்டத்துக்கு எவ்வளவு நீர் தேவை என்று கணக்கிடுகிறது. ஆனால் குரங்கணி, கொட்டகுடி பக்கத்துக் கிழக்குச் சரிவில் காப்பிக்கும் மிளகுக்கும் ஏலத்துக்கும் தேக்கும் நீரும், கீழே போடி குடிக்கும் நீரும் ஒரே ஆற்றைச் சேர்ந்தவை. மேலே கடன் வாங்கிக் குளம் கட்டுபவரும் கீழே கடன் வாங்கிக் குழாய் பதிப்பவரும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே கோடையை நம்பித் தவணை குறிக்கிறார்கள்.

கடனாளிகளாக இருவரும் சமமானவர்கள். இருவர் தேவையும் நியாயமானது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நிரம்பும் தோட்டக் குளம், கோடையில் ஓடையிலிருந்து நேராக உறிஞ்சும் மோட்டாரின் வேலையைக் குறைத்து, ஊருக்கும் உதவக்கூடும். அதை உறுதிசெய்ய, கிழக்குச் சரிவின் நீருக்காகக் கடன் கேட்கும் ஒவ்வொரு மனுவும், தொகை சிறிதோ பெரிதோ, அனுமதிக்கு முன் மேலும் கீழும் உள்ளவர்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மாவட்ட நிர்வாகமும் நகராட்சியும் வங்கிகளும் இதைச் செய்ய முன்வர வேண்டும்; 1883இல் எழுத முடிந்த ஒரு பிரிவை இன்று நடைமுறைப்படுத்துவது கடினமான காரியம் அல்ல.