நூறு மூட்டை அரிசி போகும் வழி

ஐப்பசி பிறந்ததும் அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அரிசி மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிடும். மூட்டைக்கு 25 கிலோ, நூறு மூட்டை சேர்ந்தால் 2,500 கிலோ. ஐப்பசிப் பௌர்ணமியன்று பிரகதீஸ்வரருக்கு அன்னாபிஷேகம். அன்று சிவன் கோயில்கள் எல்லாவற்றிலும் அன்னாபிஷேகம் உண்டு. இங்கே லிங்கம் மட்டும் 13 அடி உயரம். அதைச் சோற்றால் மூட இவ்வளவு அரிசி வேண்டியிருக்கிறது. காஞ்சி மடத்தின் தொடர்போடு இயங்கும் ஒரு குழு, பக்தர்கள் தரும் அரிசியைக்கொண்டு சில பத்தாண்டுகளாக இதை நடத்திவருகிறது. படம் எடுக்க வருகிறவர்கள் சோறு மூடிய லிங்கத்தின் படத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த அரிசி எப்படி வந்தது, கடைசியில் யார் கைக்குப் போனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வருவது பச்சரிசி. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் வீட்டுச் சோறு என்றால் புழுங்கலரிசிதான். பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும் உரியது. நெல்லை ஊறவைத்து அவிக்காமல், வெயிலில் காயவைத்து அப்படியே அரைப்பதால் உலையில் சீக்கிரம் குழைந்துவிடும். கொஞ்சம் அசந்தால் களியாகிவிடும். வடிப்பவருக்குக் கையில் பக்குவம் வேண்டும்.

சோறு எல்லா வீட்டிலும் தினமும் வேகிற காலம் இந்த வட்டாரத்துக்கு அண்மையில்தான் வந்தது. கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர்ப் பக்கம் நன்செய். அங்கே நெல் புதிதல்ல. மேற்கே பெரம்பலூர் போகப் போக மானாவாரி நிலம். இன்று மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளைகிற அந்த மண்ணில் ஒரு காலத்தில் கம்பும் சோளமும் வரகும்தான் சாப்பாடு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும். எந்த வீட்டில் நெல்லுச்சோறு ஆக்குகிறார்கள் என்பது தெரு முழுக்கத் தெரியும். அப்படி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அரிசி கொடுக்க வருகிறார்கள். 2007-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல.

இந்தக் கோயிலுக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு பழையது. கங்கைவரை படை அனுப்பிய முதலாம் ராஜேந்திரன் (1014–1044) தலைநகரைத் தஞ்சையிலிருந்து இங்கே மாற்றினான். சோழகங்கம் என்ற பெரிய ஏரியை வெட்டினான். இன்று அது பொன்னேரி. ஊர்கள் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல்லை வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு கணக்குப் போட்டுச் சொல்கிறது. பிறகு தலைநகர் அழிந்தது, கோயில் நின்றது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் மதிற்சுவரையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கற்களை அணைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரன் செய்த அந்த நாசத்தை இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தக் கற்கள் போய்ச் சேர்ந்த கீழணை இன்றும் அணைக்கரையில் தண்ணீரைத் தேக்கி நிற்கிறது. அங்கிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது, வழியெல்லாம் நெல் விளைகிறது. கோயிலின் கல் வயலுக்குப் போனது, வயலின் அரிசி கோயிலுக்கு வருகிறது.

பௌர்ணமியன்று விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். பெரிய அண்டாக்களில் உலை கொதிக்கும். அரிசியைக் களைந்து போட்டுத் துடுப்பால் அடிவரை கிளறிவிடுவார்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதுதான் பதம் பார்க்கும் வழி. நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே இறக்கி வடித்துவிட வேண்டும், மீதி வேக்காட்டைச் சூடே பார்த்துக்கொள்ளும். கஞ்சி வடிந்ததும் பரப்பி ஆறவிடுவார்கள். லிங்கத்தின் மேல் சாத்துகிற சோறு ஒன்றோடொன்று ஒட்டவும் வேண்டும், குழையவும் கூடாது. 2,500 கிலோ அரிசி வெந்தால் குறைந்தது ஆறு டன் சோறு. அவ்வளவும் கூடை கூடையாக, தலையிலும் தோளிலும் கருவறைக்குப் போகிறது. நாளெல்லாம் சாத்திய பிறகு லிங்கம் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைச் சோறுதான் தெரியும். ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம் என்பது நம்பிக்கை. அன்று சாமியைப் பார்ப்பவர் சோற்றைத்தான் பார்க்கிறார். ‘சோறு கண்ட இடம் சொர்க்கம்’ என்பதற்கு இங்கே இப்படித்தான் பொருள் சொல்கிறார்கள்.

தீபாராதனை முடிந்ததும் சோற்றைக் கலைக்கிறார்கள். லிங்கத்தின் திருமேனியைத் தொட்ட சோறு நீரில் கரையும், மீனுக்கு. மீதியெல்லாம் சனங்களுக்கு. என்னைப் பொறுத்தவரை திருவிழாவின் உச்சம் இதுதான். தூக்குவாளி, டிபன் பாக்ஸ், பாக்குமட்டைத் தட்டு, சேலை முந்தானை என்று ஆளுக்கொன்றை ஏந்திக்கொண்டு கூட்டம் நிற்கும். “அக்கா, புள்ளைக்கு ஒரு கை போடுங்க” என்ற குரலும் “எல்லாருக்கும் இருக்கு, தள்ளாதீங்க” என்ற குரலும் மாறி மாறிக் கேட்கும். ஆளுக்கு 100 கிராம் அரிசியின் சோறு என்று வைத்தாலும் கிட்டத்தட்ட இருபத்தைந்தாயிரம் பேருக்கு வரும். மூட்டை கொடுத்தவருக்கும் ஒரு கைதான், வெறுங்கையோடு வந்தவருக்கும் ஒரு கைதான். மதில் ஓரம் உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்திலிருப்பவர் எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் கேட்பதில்லை. குழம்பு இல்லாத வெறும் சோற்றையும் ருசித்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

சோழர் காலத்தில் இப்படி இருந்ததாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எண்ணாயிரம் என்ற ஊரிலுள்ள ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவர்களுக்கு நாள்தோறும் அளந்த நெல்லைச் சொல்கிறது. அவர்கள் வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் படித்தவர்கள். வயலில் அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கு அந்தப் பந்தியில் இலை இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாருக்கும் திறக்க 1939, 1947 ஆண்டுகளின் கோயில் நுழைவுச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1920களில், சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி நம் அரசியலையே மாற்றியிருக்கிறது. இன்று பிரகாரத்தில் கை நீட்டி நிற்கிற கூட்டம் ராஜேந்திரன் காலத்தில் இல்லை. இன்றைய சோறு அன்றைய சோற்றைவிட உயர்ந்தது என்றே நான் சொல்வேன்.

பச்சரிசிக்கு வேறு வழிகளும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் லெப்பைக்குடிக்காட்டில் ரமலான் மாதம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். அதற்காகத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. அந்திக்கு முன் தூக்குவாளியோடு வரும் சிறுவர்கள் கஞ்சியை வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். அடுத்த வீட்டுக்காரர் இந்துவாக இருந்தாலும் ஒரு டம்ளர் போகும். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவிலும் சோறுதான், அங்கே பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்தன்று கோயில்களில் நடக்கும் பொது விருந்திலும் அதே வரிசைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் கிராமத்துப் பந்திகளில் பாகுபாடு முழுக்கப் போய்விடவில்லை. சில இடங்களில் இலை போடும்போது ஓர் ஓரம் தனியாக விடப்படுகிறது, சிலர் கடைசிப் பந்திவரை வெளியே நிற்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரே சோற்றுக்குக் கை நீட்டிய அதே மனிதர்கள் ஊருக்குத் திரும்பியதும் வரிசையைப் பிரிக்கிறார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த ஐப்பசிப் பௌர்ணமிக்கு ஜெயங்கொண்டம் வழியாகப் போங்கள். முடிந்தால் கொஞ்சம் அரிசி கொடுங்கள். கிடைத்த சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாமல் அங்கேயே, பக்கத்தில் இருப்பவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாப் பந்தியில் யாரையாவது தள்ளி உட்காரவைத்தால், உங்கள் இலையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.