திண்ணைப் பள்ளியும் பெற்றோரும்



“கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற இடத்திலெல்லாம் அடியுங்கள், படிப்பு வந்தாற் போதும்” என்று கூறித் தம் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைத்த தந்தையர் நம் நாட்டில் பலர் இருந்தனர். இன்று இச்சொல்லைக் கேட்டால் நமக்கு நகைப்பு வருகிறது. கூடவே அச்சமும் தோன்றுகிறது. ஆயினும், இவ்வொரு சொல்லுக்குள் பெரியதொரு நம்பிக்கையும் அடங்கியிருந்தது. பெரியதொரு குறையும் அடங்கியிருந்தது. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையே நிலவிய உறவு எத்தகையது, அஃது எவ்வாறு மாறி வந்தது என்பதனை இவ்வுரையில் காண்போம்.

சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஓர் ஆணை அனுப்பினார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர், ஆசிரியர் எவ்வாறு பிழைக்கின்றார் என்பன போன்ற செய்திகளை அவர் கேட்டார். விடைகள் வந்து சேர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498; அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். ஆகவே, பள்ளி ஒன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து பிள்ளைகள் இருந்தனர்.

அக்காலத்து ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம் பெரும்பாலும் இல்லை. பிள்ளை ஒன்றுக்கு மாதம் நான்கு அணா முதல் எட்டு அணா வரை பெற்றோர் கொடுத்ததே அவருடைய வருவாய். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினைந்து பிள்ளைகள், ஆளுக்கு ஆறு அணா என்றால், 90 அணா ஆகும். அதாவது ஐந்து ரூபாய் பத்து அணா. ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்று மன்றோவும் எழுதியிருக்கிறார். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டால் ஆசிரியர் வீட்டு அடுப்பில் அது தெரிந்துவிடும்.

ஆயினும், அவ்வுறவு காசோடு நின்றுவிடவில்லை. மன்றோவுக்கு விடை எழுதிய ஆட்சியர்களுள் பெல்லாரி மாவட்டத்துக் கேம்பெல் என்பவர் குறிப்பிடத்தக்கவர். இன்று கருநாடக மாநிலத்தில் உள்ள பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் நிகழும் சடங்கினை அவர் 1823இல் எழுதிய அறிக்கையில் விரித்துரைக்கின்றார். பெற்றோர் ஆசிரியரையும் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் தம் இல்லத்திற்கு அழைப்பர். பிள்ளையார் உருவத்தைச் சூழ எல்லோரும் அமர்வர். ஆசிரியர் புதிய மாணவன் அருகில் இருந்து, அவன் விரலைப் பிடித்து அரிசியில் எழுத்தினை எழுதுவிப்பார். பெற்றோர் தம்மால் இயன்ற காணிக்கையை அளித்து அவரை வழியனுப்புவர். மறுநாட் காலை முதல் பிள்ளையின் படிப்புத் தொடங்கும். பிள்ளை பள்ளிக்குச் செல்வதற்கு முன்னரே பள்ளி முழுவதும் பிள்ளையின் வீட்டிற்கு வந்து சென்றது என்பதனை நீங்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இத்தகைய நெருக்கம் இருந்தது. நவராத்திரி வந்தால் ஆசிரியர் தம் மாணவர்களுக்குப் பாட்டும் கோலாட்டமும் பழக்கி, வீடு வீடாக அழைத்துச் செல்வார். வீட்டார் மகிழ்ந்து பணமோ துணியோ வழங்குவர். ஆசிரியருக்கு அஃது ஆண்டு வருவாய். பெற்றோருக்கோ, தம் பிள்ளை என்ன கற்றான் என்பதனை வாசலில் நின்றபடியே காணும் நாள். ஒரு வகையில், அதுவே அக்காலத்துப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் எனலாம்.

இவ்வளவு கூறியதனால் பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. அவ்வுறவில் இரண்டு பெருங்குறைகள் இருந்தன.

முதலாவது, அது பெற்றோரின் கையிருப்பைச் சார்ந்திருந்தது. பெல்லாரியில் மொத்தம் 533 பள்ளிகளே உள்ளன என்று கூறும் கேம்பெல், முன்னர்ப் பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது பள்ளியே இல்லை என்றும் வருந்துகின்றார். அதற்கு அவர் கண்ட காரணம் நாட்டின் வறுமை. ஐரோப்பியத் துணிகள் வந்து குவிந்ததனால் நம் நெசவாளர் தொழில் நலிந்தது. தறி நின்றது, பிள்ளையின் படிப்பும் நின்றது, ஆசிரியர் பிழைப்பும் நின்றது. ஓர் ஆங்கில அதிகாரியே இவ்வாறு எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

இரண்டாவது குறை இதனினும் கொடியது. அந்த 1,88,650 பேருள் பெண்பிள்ளைகள் ஐயாயிரத்திற்கும் குறைவு. தீண்டாமையால் ஒதுக்கப்பட்டவர்களோ திண்ணையில் ஏறவும் இயலாதவர்கள். அவர்தம் பெற்றோர்க்கு ஆசிரியருடன் உறவு ஏது? திண்ணைப் பள்ளியின் அன்பு உண்மையானதே. ஆனால், அஃது எல்லோர் வீட்டு வாசலுக்கும் வந்ததில்லை.

1854இல் வந்த உட் அறிக்கைக்குப் பின்னர் நிலைமை மாறியது. அரசாங்கம் பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்கலாயிற்று. 1860களின் பிற்பகுதியில், மாணவர் தேர்வில் பெறும் வெற்றியைக் கணக்கிட்டு மானியம் தரும் முறையும் சென்னை மாகாணத்தில் ஏற்பட்டது. பள்ளிகள் பெருகின, இது நன்மையே. ஆனால், ஆசிரியரின் கண் இப்போது பெற்றோரை விட்டு ஆய்வாளரை நோக்கித் திரும்பியது. ஆய்வாளர் வரும் நாளே பள்ளியின் பெருநாள் ஆயிற்று. பெற்றோர் கட்டணம் செலுத்துபவராகவும் கையொப்பம் இடுபவராகவும் மட்டும் நின்றனர். எழுதப் படிக்கத் தெரியாத தந்தைக்குப் பள்ளி மற்றோர் அரசாங்க அலுவலகமாகவே தோன்றியது.

நாடு விடுதலை பெற்ற பின், இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி தொடங்கிற்று. காமராசர் முதலமைச்சராக விளங்கிய நாளில், 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கும் திட்டம் எழுந்தது. அது தொடக்கத்தில் ஊர் மக்களின் நன்கொடையாலேயே நடைபெற்றது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நிகழ்ந்தன. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இவற்றிற்கு ஊக்கம் தந்தார். ஆசிரியர்கள் தம் பள்ளிக்கு வேண்டுவனவற்றைப் பட்டியலிட்டு ஊராரிடம் சென்றனர். ஒருவர் பலகை தந்தார். ஒருவர் கடிகாரம் தந்தார். சிலர் சுவர் எழுப்பித் தந்தனர். தாம் தந்த பலகையில் தம் பிள்ளை அமர்ந்திருப்பதைக் காணவாவது பெற்றோர் பள்ளிக்கு வந்தனர்.

இவ்விடத்தில் என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விரும்புகிறேன். என் தந்தையார் எழுத்தறியாதவர். பள்ளியில் பெற்றோரை அழைத்திருந்த ஒரு நாளில், அவர் உள்ளே வரத் துணியாமல், தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். எங்கள் தலைமையாசிரியர் அதைக் கண்டு வெளியே வந்து, “ஐயா, உள்ளே வாருங்கள்” என்று அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்தினார். என் மதிப்பெண்களைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை. “பையன் வீட்டில் விளக்கு வைத்த பிறகு என்ன செய்கிறான்? இரவில் எப்போது உறங்குகிறான்? தாங்கள் சொன்னால்தானே எனக்குத் தெரியும்?” என்று கேட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் தந்தையார், “வாத்தியார் என்னைக் கேட்டார்” என்று திரும்பத் திரும்பக் கூறிக்கொண்டே வந்தார். அதன் பின்னர் அவர் மரத்தடியில் நின்றதில்லை.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என விதித்தது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினரிற் பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். அன்று திண்ணையில் ஏற இயலாதிருந்தவரின் வழிவந்த தாயும் இன்று பள்ளியின் கணக்கைக் கேட்கும் உரிமை பெற்றாள். இம்மாறுதல் சிறியதன்று.

ஆயினும், சட்டம் நாற்காலியைத்தான் போட முடியும். வந்தவரை அமரச் சொல்லி, அவர் அறிந்ததைக் கேட்டறிவது மனிதர் செய்ய வேண்டிய பணி. திண்ணைப் பள்ளியின் நெருக்கமும் இன்றைய சட்டத்தின் நீதியும் ஒன்றுசேர வேண்டும். உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பலர் பெற்றோர் ஆவீர்கள். அப்போது எவரேனும் மரத்தடியில் நின்றால், எழுந்து சென்று அவரை உள்ளே அழையுங்கள்.