பெரும் பலகைகளும் காற்றின் கணக்கும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் பயணிகளை வரவேற்கும் பலகைகள் பலவற்றைக் காணலாம். மரப்பட்டையையும் பாறையையும் போலச் செதுக்கியவை சில. பெரிய படங்களை அச்சிட்ட பிளெக்ஸ் பதாகைகள் சில. ஓவியரின் கைத்திறனும் கணிப்பொறியும் இயற்பியலும் சந்திக்கும் இடம் இது. இதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இக்கலையை வளர்த்தது திரைப்படமே. 1957இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னை சித்ரா திரையரங்கில் சிவாஜி கணேசனின் கட்-அவுட் எழுந்தது. அதன் உயரம் 80 அடி என்பர். அதைச் செய்தது மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம்.

கையளவுப் புகைப்படம் இவ்வளவு பெரிய உருவமானது எப்படி? புகைப்படத்தின் மீது சிறு கட்டங்கள் வரைவார்கள். துணியிலோ பலகையிலோ அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை அதற்குரிய கட்டத்தில் வரைவார்கள். ஓர் அங்குலக் கட்டம் ஓர் அடிக் கட்டமானால் நீளம் 12 மடங்கு, பரப்பு 144 மடங்கு. வர்ணமும் அத்தனை மடங்கு வேண்டும். உருவத்தைப் பகுதி பகுதியாக எழுதி, சவுக்குக் கம்புச் சாரத்தில் ஏற்றிப் பொருத்துவார்கள்.

ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு எண்களால் குறிக்கும் முறை கணிதத்தில் பழையது. அந்த எண்களைக் கொண்டே இயந்திரத்தை நகர்த்த முடியும் என்பதை 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் செய்து காட்டினர். துளையிட்ட காகித நாடாவிலிருந்த எண்களின்படி வெட்டும் கருவி தானே நகர்ந்தது. இன்று பலகையில் எழுத்துகளை வெட்டும் இயந்திரம் அதன் வழித்தோன்றலே. அச்சு இயந்திரமும் கட்டம் கட்டமாகவே நான்கு நிற மைகளைத் தெளிக்கிறது. ஓவியர் போட்ட கட்டம் இப்போது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் செதுக்கிய பலகைக்கு மரத்தின் நெளிவையும் பாசியின் நிறத்தையும் தருவதற்கு இன்றும் தூரிகை பிடித்த கை வேண்டியிருக்கிறது.

2000ஆம் ஆண்டை அடுத்து பிளெக்ஸ் பரவியதும் பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. ஓவியர் பலர் தொழிலை இழந்தனர். பதாகை மலிவாகவும் இலேசாகவும் ஆனதால் அதைத் தாங்கும் சட்டத்திலும் கவனம் குறைந்தது. ஆபத்து இங்கேதான் நுழைகிறது.

காற்று பலகையின் எடையைப் பார்ப்பதில்லை, பரப்பையே பார்க்கிறது. 10 அடிக்கு 20 அடிப் பலகையின் மீது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், சமவெளியில் அதன் விசை ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பலகையின் நீளம், அகலம், கால்களின் உயரம் எல்லாவற்றையும் இரட்டித்தால் அதைச் சாய்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்கு!

சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மலைமுகட்டில் வேகம் எட்டில் ஒரு பங்கு கூடினாலே அந்தச் சலுகை கரைந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையோடு நிற்காமல் இம்மலைகளையும் தாக்கியதை மறக்கலாகாது.

புயல் இல்லாமலும் உயிர் போகும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பதாகை சரிந்ததில், இரு சக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார்.

படத்தை வரைய இயந்திரம் வந்துவிட்டது. அது நிற்குமா என்பதை, கட்டுபவர் கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும். மாணவர்களே, உங்கள் ஊரில் ஒரு பலகையின் நீள அகலத்தை மதிப்பிட்டு, மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு அதன் கால்களைப் பாருங்கள்.